மாதாவை இறக்கக் கயிறு

சேசு மரி சூசை

ஈப்போ,
11.8.1983, வியாழன்.

அன்புள்ள தம்பி ஆம்புரோசுக்கு அக்கா குழந்தையம்மாள் அநேக ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், கோழிகள் சுகம், உன் மச்சானும் நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் சுகம். அங்கே நீயும் பெட்ரீசியாவும் பிள்ளைகளும் சர்வேசுரன் கிருபையால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெட்ரீசியா அனுப்பிய கருவாடு கிடைத்தது. உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் குறை சொல்ல இதை எழுதவில்லை.

விஷயம் கயிறு. சித்தியவானில் படகுச் சாமான் கடையில் பதினைந்து வருஷமாகக் கயிறு அளந்து கொடுக்கிற தம்பி இருக்கும்போது நான் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? உன் மச்சான் ஐம்பத்தெட்டு வயசில், ஒரு முழங்காலில் வாயுவை வைத்துக்கொண்டு, நாற்பதடி மரத்தில் ஏறப் போகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொன்னால்தான் என் மனசு ஆறும். என் கல்யாணத்துக்கு நம் அம்மா கொடுத்த மாதா சுரூபம், ஒரு சாண் உயரம், நீல முக்காடு. பதினாலாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் நமக்குக் கோயில் கிடையாது, சாமியார் மூன்று மாசத்துக்கு ஒரு தரம்தான் வருவார். அதனால் அறுபத்து நாலில் உன் மச்சான் பால்டின் வந்த மரப்பெட்டிப் பலகையில் ஒரு கூடு செய்து, கண்ணாடி போட்டு, லயத்து வீடுகளுக்கு முன்னால் தொடைக் கனத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தில் ஆணி அடித்து மாதாவை வைத்தார். அதிலிருந்து காலையில் ஆளெண்ணுகிற பெரட்டுக்குப் போகிற சனம் எல்லாம் அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் பேர் கொடுக்கப் போகும். ராக்காயி அக்கா செம்பருத்தி வைப்பாள், மாரியம்மன் கோயில் திருநீறும் மாதா காலடியில் கிடக்கும், யாரும் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. ரப்பர் பால் வாளியின் புளித்த வாடையோடு மாதாவின் கூட்டில் உதடு வைத்து முத்தி செய்துவிட்டு மர நிரைக்குப் போன அந்த மாதிரி ஒரு காலை எனக்கு ஈப்போவில் கிடைக்கவே இல்லை, தம்பி.

அறுபத்தேழில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்களே, லாரியில் சாமான் ஏற்றும்போது மாதாவையும் எடுங்கள் என்றேன். மிச்சம் இருக்கிற சனத்துக்கு வேண்டாமா, விட்டுவிட்டு வா என்றார். பதினாறு வருஷமாக நான் அதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. சோறு அடிப்பிடித்தால்கூட, மாதாவை விட்டுவிட்டு வந்த பலன் என்பேன்.

இப்போது ராக்காயி அக்கா ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறாள். நம் பழைய லயம் இடிந்து காடாகிவிட்டது, அவள் அரை மைல் தள்ளி ரோட்டோரம் இருக்கிறாள். புது முதலாளி எண்ணெய்ப்பனை வைக்கப் போகிறானாம், மாசக் கடைசியில் எல்லா மரத்தையும் சாய்க்கிறானாம். மாதாவைக் காணோம், மரம் வளர்ந்து மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றும் சொல்லியனுப்பினாள். இவர் அடித்துப் பிடித்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடியெல்லாம் ஒரே கொடியாம். "கூடு மொதக் கவட்டைக்குக் கீழதானே இருந்துச்சு? இப்ப மொதக் கவட்டை நாப்பதடியில இருக்கு. அப்ப மாதாவும் நாப்பதடியிலதான் இருக்கா. கண்ணாடி மின்னுறதைப் பாத்துட்டுத்தான் வாரேன்" என்றார். எனக்கும் கணக்கு சரியாகத்தான் பட்டது.

காலமெல்லாம் மரத்தோடு இருந்தவருக்கு ஏறத் தெரியாதா என்று நீ கேட்பாய். ரப்பர் மரத்தில் எவன் ஏறினான்? நாம் மரத்துக்கு மரம் ஓடினவர்கள்தானே.

முதலில் மணிலாக் கயிறு வாங்கி வந்து ரம்புத்தான் மரத்தில் கட்டினார். மூன்று நாள் மழையில் அது ஊறிப் பெருத்து, முடிச்சு அவிழ மாட்டேன் என்று இன்னும் அங்கேயே தொங்குகிறது. அடுத்து லாரியில் தார்ப்பாய் கட்டுகிற நைலான் கயிறு. இவர் ரெண்டு காலையும் தூக்கி முழுப் பாரத்தையும் கொடுத்தார், அது பாட்டுக்கு நீண்டு இவரை மரியாதையாகத் தரையில் உட்கார வைத்தது. பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து அண்ணன் வேலியில் சாய்ந்துகொண்டு, தேங்காய் பறிக்கிற குரங்கை வாடகைக்குப் பிடிக்கலாமே என்றார். மாதாவைக் குரங்கு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்குவதை நினைத்துப் பார்த்தேன், அன்றையிலிருந்து அண்ணனுக்குக் காப்பி கிடையாது.

பிறகுதான் எதிர்வீட்டுச் சீன வாத்தியார் மிஸ்டர் லோ வந்தார். லீவு நாளில் சுண்ணாம்புமலைக் குகைக்குள் கயிற்றில் இறங்கி ஏறுகிற மனுஷன். புத்தி உள்ளவன் செய்கிற வேலையா என்று நினைத்திருக்கிறேன், இப்போது வாய் மூடிக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கடையில் இருக்கிறதா பார். கயிறு இழுபடாததாக, உள்ளே நரம்பும் வெளியே பின்னலுமாக, விரல் கனத்தில் இருக்க வேண்டும். மெல்லிய கயிற்றை வளையமாக முடிந்து பெரிய கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றினால், தள்ளினால் நகரும், பாரம் கொடுத்தால் கவ்விக்கொள்ளும். அதைவிட உசத்தி, பல் வைத்த இரும்புப் பிடி. மேலே போகும், கீழே வழுக்காது. ஒன்றை நம்பி உயிரை விடக் கூடாது, எப்போதும் ரெண்டு. இடுப்பிலும் ரெண்டு தொடையிலும் மாட்டுகிற வாரும் வேண்டும். இவர் தன் ஜாகா காவல் வேலைப் பெல்ட்டைத் தட்டிக் காட்டி, இது போதாதா என்றார். அதில் தொங்கினால் இடுப்பு ரெண்டாகப் போய்விடும், விளையாடாதீர்கள் என்று வாத்தியார் மலாயில் திட்டினார்.

நேற்றுச் சாயங்காலம் அவர் தன்னுடைய வாரையும் பிடிகளையும் மாட்டிவிட்டு, ஏறுவது எப்படி என்று காட்டிவிட்டு, டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். இவர் நம் மாமரத்தில் ஏறினார். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் ஏறினார், எனக்கே பெருமையாக இருந்தது. பத்தடியில் நின்று, "புள்ள, எறங்குறது எப்படின்னு அவரு சொல்லவே இல்லையே" என்றார். ஒன்றரை மணி நேரம் தொங்கினார். கம்பில் குவளையைக் கட்டித் தேத்தண்ணி கொடுத்தேன். பிச்சைமுத்து அண்ணன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தூக்கி வந்து, மேலே நாற்காலி போட்டு, அதில் ஏறி, ஏறின பிறகு கீழே பார்த்துவிட்டு, "நான் ஏறிட்டேன் லா, இப்ப நான் எப்படி எறங்குறது?" என்று நாற்காலியைக் கட்டிக்கொண்டார். வாத்தியார் வந்துதான் ரெண்டு பேரையும் இறக்கினார்.

தொங்கும்போது இவர் ஒன்று சொன்னார், தம்பி, அது என்னைத் தூங்க விடவில்லை. "ஒங்கிட்டேருந்து புடுங்கி அங்க விட்டுட்டு வந்தவன் நான். நானே கொண்டாந்து ஒங் கையில குடுத்துட்டா, அதுக்கப்புறம் விழுந்தாலும் சரி" என்றார். எனக்கு மாதாவும் வேண்டும், இவரும் வேண்டும். ஒருத்தரைக் கொடுத்து ஒருத்தரை வாங்க நான் தயாராக இல்லை. ஆகவே நூற்றைம்பது அடிக் கயிறு, ஒரு வார், இரும்புப் பிடி ரெண்டு, முக்கியமாக இறங்குவதற்கு ஏதாவது ஒன்று, இருபத்தைந்தாம் தேதிக்குள் அனுப்பி வை.

பிள்ளைகள் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஆளுக்கு ஒரு சிலுவை போடு. கட்டின வீட்டையும் கடலுக்குப் போகிறவர்களையும் மாதா தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அக்கா,
ம. குழந்தையம்மாள்

பி.கு. 15.8.83, திங்கள். கயிறு அனுப்பாதே. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. ரம்பக்காரர்கள் திங்கட்கிழமையே வருகிறார்கள் என்று சனிக்கிழமை ராக்காயி அக்கா மறுபடி சொல்லியனுப்பினாள். நேற்றுப் பூசை முடிந்ததும் வாத்தியார் காரில், அவருடைய சாமானோடு போனோம். வாத்தியார் கல்லைக் கட்டி வீசிக் கயிற்றைக் கவட்டையில் மாட்டி, ஒன்றுக்கு ரெண்டு தரம் எல்லாம் இழுத்துப் பார்த்து இவரை ஏற்றிவிட்டார். சும்மா நிற்க முடியாமல் ராக்காயி அக்காவின் வெட்டுக்கத்தியை வாங்கி மரத்தடிக் கொடியை வெட்டிக்கொண்டிருந்தேன். டொக்கென்று பலகையில் பட்டது. கொடியை விலக்கினால் மாதா, என் முகத்துக்கு நேராக நிற்கிறாள். கண்ணாடி போய்விட்டது, மரம் பெருத்துக் கூட்டைப் பாதி விழுங்கியிருக்கிறது, நீல முக்காடு அப்படியே இருக்கிறது.

இருபது வருஷம் பால் வெட்டினவ தம்பி நான். வெட்டின காயம் எந்த மரத்துலயாவது மேல ஏறிப் போயிருக்கா? இடுப்பில போட்ட கோடு இடுப்பிலதானே நிக்கும். மரம் நுனியிலதான் வளரும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாதா? பழைய மொதக் கவட்டை எப்பவோ ஒடிஞ்சு விழுந்திருக்கும். ஈப்போவுக்கு வந்து அதையும் மறந்துட்டோம்.

மேலே பார்த்துக் கத்தினேன். பொறு, மின்னுகிறது, கிட்டே வந்துவிட்டேன் என்றார். மின்னினது கவட்டையில் சிக்கிக் கிடந்த பட்டத்தில் ஒட்டின ஜிகினாக் காகிதம். அதையும் பிய்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்கினார். ராக்காயி அக்காவிடம் பழைய பால் கத்தி ஒன்று இருந்தது. இவர் மரத்தடியில் குனிந்து நின்று மரப்பட்டையை ஒரு மணி நேரம் சீவுசீவென்று சீவினார், மாதா மேல் ஒரு கீறல் விழவில்லை. என் கையில் கொடுக்கும்போதுதான் கேட்டேன், லயத்து ஆம்பளைகள் எல்லாம் குனிந்து கும்பிட்டார்களே, ஏன் இவ்வளவு தாழ்வாக அடித்தீர்கள் என்று.

"ஒன் ஒசரத்துக்குத்தான் அடிச்சேன் புள்ள. நீ எக்கக் கூடாதுன்னு."

பத்தொன்பது வருஷமாக இதை அவர் சொன்னதே இல்லை. நானும் திட்டிக்கொண்டே இருந்தேனே தவிர, கேட்டதே இல்லை.