பதினெட்டாம் பக்கம்

மலாக்காவிலேயே கடலை வாங்கி, கடலையைக் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துப்போன ஒரே மனிதர் எங்கள் பொட்டலம் வாத்தியார்தான். அங்கே காஜா பெராங் பகுதியில் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். கடலை என் வாய்க்குள் போனது. அந்த வகையில் அவருடைய ஆராய்ச்சிக்கு நானும் உழைத்திருக்கிறேன்.

மெர்டேக்கா சமயம், மலாயா சுதந்திரம் அடைந்த நேரம். படிப்பைப் பாதியில் விட்ட, பள்ளிக்கூடமே போகாத பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு மலாய் வாசிக்கச் சொல்லித்தரும் சாயங்கால வகுப்பு நடத்தினார். தமிழர், சீனர், மலாய்க்காரர், தலைமுறைகளாக மலாயே பேசி தமிழ் பேசத் தெரியாத மலாக்கா செட்டிகள் எல்லாரும் ஒரே பெஞ்சில். பாலபாடம் கிடையாது.

"மீச முளைச்சவன்கிட்ட போயி அணில், ஆடுன்னா அவன் எப்படி லா படிப்பான்?" என்பார்.

பொட்டலக் காகிதம்தான் பாடப்புத்தகம். கொலைச் செய்தி பாதியில் கிழிந்திருக்கும். கொன்றது யாரென்று தெரியாமல் பிள்ளைகள் தவிப்பார்கள். மீதியைத் தேடி வாத்தியார் ஜாலான் பெண்டஹாரா தெருவில் கடை கடையாக ஏறுவார். ஒரு மளிகைக்காரர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமான் வேணும்னா வாங்குங்க சார். கொலைகாரன் இங்க இல்ல."

வகுப்பில் கண்டதையெல்லாம் ஏழு வருஷம் உட்கார்ந்து மலாயில் எழுதி, தடித்த அறிக்கையாகக் கல்வி இலாகா மேலிடத்துக்கு அனுப்பினார். அவர்கள் ஒப்புக்கொண்டால் வகுப்பு தொடரும். இல்லையென்றால் வருஷக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும். நகல் எடுக்கச் சொன்னேன்.

"எதுக்கு? அங்க பத்திரமா வச்சிருப்பாங்க."

தினமும் தபால்காரரை வாசலிலேயே மடக்கினார். பதில் இல்லை. கடைசி வகுப்பு அன்று மத்தியானம்தான் அறிக்கை வந்தது, கச்சாங் பூத்தே விற்கும் கடலை வண்டியிலிருந்து. வழக்கம்போல் கடலையைத் தின்றுவிட்டுக் காகிதத்தை நீட்டினேன். அவருடைய கையெழுத்து. பதினெட்டாம் பக்கம், எண்ணெய்க் கறையோடு. வண்டிக்காரரிடம் ஓடினோம்.

"பழைய பேப்பர் கட்டோட வந்துச்சு சார். மத்ததெல்லாம் நேத்தே தீந்துபோச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் அந்தப் பக்கத்தையே பாடமாகக் கொடுத்தார். சேர்ந்தபோது ஓர் எழுத்தும் தெரியாத செட்டிப் பெண் ஒருத்தி, விரலை வைத்துத் திக்கித் திக்கி முழுவதையும் வாசித்தாள். பாதி வாக்கியத்தில் பக்கம் முடிந்துபோனது.

"யாங் லாயின் மானா, சிக்கு?" என்றாள். மீதி எங்கே, வாத்தியாரே?

ஊர்க் கொலைகளுக்கெல்லாம் மீதி தேடி ஓடிய மனிதர், அன்று நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது அதுவரை எனக்கே தெரியாது. இன்றைக்கும் கடலை வாங்கினால் முதலில் காகிதத்தைத்தான் பிரித்துப் பார்க்கிறேன், பத்தொன்பதாம் பக்கமாக இருக்காதா என்று.