லிமாவுக்குப் பொய் எடுத்துச் செல்ல மறந்த கதை

பொய்யைச் சொல்வது எளிது. அதைப் பராமரிப்பதுதான் கடினம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பராமரிப்பில் ஈடுபட்டவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஏழுமலை மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்தவர். தம்பதியர் எப்படி வாழ்வார்களோ அப்படித்தான் நாங்களும் வாழ்ந்தோம். ஒரே கூரை என்பது மட்டும் அமையவில்லை. அவர் காலமாகி மூன்று மாதங்களாகின்றன. (அதைப் பற்றி இங்கு மேலும் எழுதுவதற்கில்லை. இது வேடிக்கையான கட்டுரை.)

எங்கள் பொய்கள் ஊர்வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. புதுச்சேரியில் என் தெருக்காரர்களுக்கு அவர் என் அத்தை மகன். மரக்காணத்தில் நான் உப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர். (பிரெஞ்சு வாத்தியாருக்கு உப்பளத்தில் என்ன ஆராய்ச்சி என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒரு பக்கம்கூட எழுதப்படாததும் எவரையும் உறுத்தவில்லை. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.) பெருமுக்கல் மலைக்கோயில் குருக்களுக்கு நாங்கள் அண்ணன் தம்பி. வானூரில் எங்களைப் பார்த்தவர்களுக்கு முதலாளியும் கணக்குப்பிள்ளையும். எவர் முதலாளி என்பது அன்றைக்கு எவர் சட்டை தேய்க்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்தது.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, ஐப்பசி மழையில் பாத்திகள் முழுவதும் தண்ணீர் நின்று வேலை ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில் என் வீட்டுக்கு வந்திருந்த ஏழுமலை சொன்னார்:

“எங்கனா போலாம்பா. ரெண்டு நாளைக்கு.”

“மகாபலிபுரம் போலாமா?”

“அங்க ஓட்டல்ல ரிசப்சன்ல நிக்கிறவன் உன் ஸ்டூடன்ட்டு.”

“ஏற்காடு?”

“அங்க நம்ம உப்பு வாங்குற செட்டியாரு பங்களா வாங்கியிருக்காரு. காலையில வாக்கிங் வருவாரு.”

“அப்ப எங்கதான் போறது? கையைக் கோத்துக்கிட்டு நடக்கணும்னா இங்கயே நடக்கலாமே. நம்ம ஊர்ல எந்த ரெண்டு ஆம்பளையும் நடக்கறதுதானே.”

“அதுக்கில்ல வாத்தியாரே. ஒரு ஓட்டலுக்குப் போயி, கவுண்டர்ல நாங்க ரெண்டு பேரும் ஒரு குடும்பம்னு சொல்லி ஒரு சாவி வாங்கணும். ஒருவாட்டி. போன வருசம் வந்த அலையில போயிருந்தா, சொல்லாமலே போயிருப்போம்ல?”

என் மேசைமேல் இருந்த பூகோள உருண்டையை எடுத்து, மரக்காணத்தில் ஒரு விரலை வைத்து, நேர் எதிர்ப்புறத்தில் இன்னொரு விரலை வைத்தேன். பசிபிக் கடல் வந்தது. அங்கிருந்து கரையேறினால் முதல் பெரிய நகரம் லிமா. இதைவிடத் தொலைவாகப் போனால் திரும்பி வர ஆரம்பித்துவிடுவோம் என்பதால் அதையே முடிவு செய்தோம். என் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதி, ஒரு சனி ஞாயிறுக்காக, விமானமேறியது.

ஸ்பானிய மொழியைப் பற்றி ஏழுமலை கவலைப்பட்டார். “பிரெஞ்சு தெரிஞ்சவனுக்கு ஸ்பானிஷ் சித்தி வீடு மாதிரி” என்று அவருக்கு உறுதியளித்தேன். (சித்தி வீட்டில் நமக்கு எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.)

மூன்று விமானங்கள் மாறி, சனிக்கிழமை முற்பகலில் லிமாவில் இறங்கினோம். பெட்டிகள் வரும் இடத்தில் ஒரு பழுப்பு நிற நாய் சுற்றிக்கொண்டிருந்தது. ஏழுமலையின் பெட்டியைக் கண்டதும் அது அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்க மறுத்தது. அதன் முகத்தில் பக்தி தெரிந்தது.

காரணம் எளியது. அனுமந்தையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவர் தங்கை சரசு, அண்ணன் வெளிநாட்டில் வாய்க்கு ருசியில்லாமல் தவிக்கக் கூடாது என்று ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வைத்து அனுப்பியிருந்தாள். நாய் அதற்காகத்தான் உட்கார்ந்தது. ஆனால் அதிகாரிகள் பெட்டியைத் திறந்தபோது கருவாட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதற்குள் ஒரு படி அளவுக்கு, வெள்ளை வெளேரென்று, பளபளக்கும் துகள்.

நான் அதைப் பார்த்தது அப்போதுதான்.

மீசை வைத்த பெரிய அதிகாரி ஒருவர் பையைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் சொன்னதை உடனிருந்த பெண் அதிகாரி ஆங்கிலத்தில் விளக்கினார்: “போதைப்பொருளை இங்கிருந்து வெளியேதான் கொண்டு போவார்கள். உள்ளே கொண்டு வருபவர்களை இவர் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறாராம்.”

எங்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்தார்கள். என்னிடம் வந்த பெண் அதிகாரி கேட்ட முதல் கேள்வி, உடன் வந்தவர் உங்களுக்கு யார் என்பது.

உலகத்தின் மறுகோடிக்கு நாங்கள் வந்ததே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக. ஆயினும் என் வாய்க்கு அது தெரியவில்லை. அது புதுச்சேரியிலேயே இருந்தது. “அத்தை மகன்” என்றது.

அதே நேரத்தில் அடுத்த அறையில் ஏழுமலையின் வாய் மரக்காணத்தில் இருந்தது. அவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மீசை அதிகாரியிடம், உடன் வந்தவர் பெரிய பேராசிரியர் என்றும், பையில் உள்ள பொருளைப் பற்றி இருபது வருடங்களாக ஆராய்ச்சி செய்கிறார் என்றும், பொருளைத் தயாரிப்பது மட்டும் தாம் என்றும் தெளிவுபடுத்தியிருக்கிறார்.

இரண்டு வாக்குமூலங்களும் நடைபாதையில் சந்தித்துக்கொண்டன. சிறிது நேரத்தில் என் அறைக்கு மேலும் நான்கு அதிகாரிகள் வந்தார்கள்.

நான் பிரெஞ்சில் விளக்க முற்பட்டேன். சொற்றொடர்கள் நீளமாகவும் இலக்கண சுத்தமாகவும் அமைந்தன. கடல் நீர் ஆவியாதல் குறித்து நான் பேசிய பகுதியை இப்போது நினைத்தாலும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அதில் புரிந்த ஒரே சொல் ‘உற்பத்தி’ என்று பிறகு தெரிய வந்தது. நான் அதைப் பெருமிதத்துடன் பலமுறை சொல்லியிருந்தேன்.

கடைசியில் எங்கள் இருவரையும் ஒரே மேசைக்கு முன் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நடுவில் மஞ்சள் பை. ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னா சொன்ன நீ அவங்ககிட்ட?”

“அத்தை மகன்னு.”

“யோவ்! பூமிக்கு அந்தாண்ட வந்தும் அத்த மகன்தானா? இதச் சொல்றதுக்கு மூணு பிளைட்டு மாறணுமா?”

“நீங்க மட்டும் என்ன சொன்னீங்களாம்? ஆராய்ச்சியாம்! நான் கஞ்சா வாத்தியார்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க. முதல்ல, உப்பை எதுக்குக் கொண்டாந்தீங்க? இந்த ஊர்ல உப்பு கிடைக்காதா?”

“கெடைக்கும். அது வேற.”

“என்ன வேற?”

ஏழுமலை மேசையைப் பார்த்தார். நாற்பது ஆட்களை ஒரு குரலில் வேலை வாங்குகிறவர், சற்றே தணிந்த குரலில் சொன்னார்:

“குடி போறப்ப மொதல்ல உப்புதானப்பா வீட்டுக்குள்ள எடுத்துக்கினு போவணும்? நமக்கு வீடுன்னு ஒண்ணு இதுவரைக்கும்… சரி, ரூம்பு தான். ரெண்டு நாளுதான். இருக்கட்டுமே. மாசியில மொதல் வாருன உப்பு, எடுத்து வெச்சேன். சொன்னா சிரிப்ப.”

நான் சிரிக்கவில்லை. என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அங்கே புழுக்கம் அதிகம்.

பெண் அதிகாரி கேட்டார்: “என்ன சொல்கிறார்?”

அப்போதுதான் எங்கள் நிலைமை எனக்கு முழுமையாக விளங்கியது. அது உப்பு என்று நம்ப வைக்க, அதை ஏன் கொண்டுவந்தார் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்ல, வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த வீடு, எவருடைய வீடு என்று சொல்ல, நாங்கள் யார் என்று சொல்ல வேண்டும். எந்தப் பொய்யும் இந்தப் பையைச் சுமக்காது. வாழ்நாளில் முதன்முறையாக, உண்மையைச் சொன்னால் மட்டுமே சிறைக்குப் போகாமல் இருக்கலாம் என்ற இடத்தில் இருந்தேன்.

எளிய ஆங்கிலத்தில், இலக்கணம் எதுவும் பாராமல் சொன்னேன்: “இவர் என் துணைவர். எங்கள் ஊரில் புது வீட்டுக்குள் முதலில் உப்பு போகும். எங்களுக்கு இதுவரை வீடு இல்லை. உங்கள் நகரத்தில் ஓட்டலில் ஓர் அறை எடுத்திருக்கிறோம்.”

அந்த அம்மையார் மற்றவர்களிடம் ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, “அத்தை மகன் இல்லை என்று எனக்கு முன்பே தெரியும்” என்றார்.

“எப்படி?”

“இப்போது சண்டை போட்டீர்களே. நானும் என் வீட்டுக்காரரும் இப்படித்தான் போடுவோம். அத்தை மகனோடு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.”

மீசை அதிகாரி பைக்குள் கைவிட்டு ஓர் உப்புக்கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். மேசை இழுப்பறையைத் திறந்து, மதிய உணவுக்கு வைத்திருந்த வேகவைத்த சோளக்கதிரை எடுத்தார். (கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒவ்வொரு மணியும். அப்படியொரு சோளத்தை நான் பார்த்ததில்லை.) இரண்டு கல்லை நுணுக்கி அதன்மேல் தூவிக் கடித்தார். கண்ணை மூடினார்.

“எப்படி இருக்குதாம், கேளு, கேளு!” என்று ஏழுமலை என் தொடையைத் தட்டினார். கைதாகவிருந்தவர் என்ற நினைவே அவருக்கு இல்லை.

மாலைக்குள் எங்களை விட்டுவிட்டார்கள். கருவாட்டைப் பறிமுதல் செய்தார்கள். நாய்க்கு அதில் பங்கு கிடைத்ததா என்று தெரியவில்லை. உப்பில் ஒரு கைப்பிடியை மீசை அதிகாரி காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். ஓட்டல் வரவேற்பாளர் ஒரு கட்டிலா, இரண்டா என்று கேட்டபோது, ஏழுமலை என்னை முந்திக்கொண்டு ஒரு விரலைக் காட்டி, போலீசிடமே சொல்லியாயிற்று என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். அந்த இளைஞர் சாவியைச் சற்று அவசரமாகவே கொடுத்தார்.

உப்பை அவர் உள்ளே வைத்தார். நான் பின்னால் போனேன். மறுநாள் கடலோரக் குன்றின்மேல் நடந்தோம். இந்த ஊரில் மழையே பெய்யாது என்று யாரோ சொல்லக் கேட்டு, “வருசம் பூரா உப்பு வாரலாமேப்பா!” என்று பொறாமையில் புலம்பிக்கொண்டே வந்தார். அதுதான் எங்கள் தேனிலவு.

திரும்பி வந்ததும் ஏழுமலை எல்லாவற்றையும் சரசுவிடம் கொட்டிவிட்டார். அவள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் போன் செய்து, “என் கருவாட்டால தான உண்மை வெளிய வந்திச்சி?” என்று கேட்டாள். அதிலிருந்து கதை அவளுடையதாயிற்று. ஆண்டுக்கு ஆண்டு நாய் வளர்ந்தது. இப்போது கன்றுக்குட்டி அளவில் நிற்கிறது. அந்த வீட்டில் எந்தப் பிள்ளை மழுப்பினாலும், “நாயக் கூப்பிடட்டா?” என்பார்கள்.

மூன்று மாதங்களுக்கு முன் மருத்துவமனையில், அவர் உடலை எடுத்துச் செல்வதற்கு முன், படிவம் நிரப்பிக்கொண்டிருந்த ஊழியர் என்னிடம் கேட்டார்: “நீங்க அவருக்கு என்ன வேணும், சார்?”

அத்தை மகன் தொண்டை வரைக்கும் வந்துவிட்டான்.

பின்னால் சரசு அழுதுகொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானைக்குள்ளிருந்தே சொன்னாள்:

“சொல்லுண்ணே. இல்லன்னா நாயக் கூப்பிட்டுடுவேன்.”

என் வாழ்வின் மிகத் துயரமான அந்த நாளில், அத்தனை பேர் முன்னிலையில், நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சொன்னேன்.