பதில் சொல்லப் போகிற முகம்

கிராணி வீடு,
பத்தாங் பெர்ஜுந்தாய்,
11.9.1984

அன்புத் தங்கை கங்காவுக்கு,

அக்கா திலகத்தின் ஆசிகள். மணி பன்னிரண்டாகிறது, இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளைக்கு மேல்பல் முளைக்கிறது, இப்போதுதான் தூங்கினான், எழுத்து கோணியிருந்தால் அவனைத் திட்டு. நாங்கள் மூவரும் நலம். ரவாங்கில் அப்பாவும் நீயும் நலந்தானே?

நீ அனுப்பிய மாப்பிள்ளை படம் நேற்று வந்தது. சுங்கை புரோங் பள்ளிக்கூடத்து வாத்தியார், பெயர் சேது, அடுத்த வெள்ளிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், எல்லாம் படித்தேன். கடைசியில் "நாம பேசினா கேக்கிறவர் மாதிரி இருக்கார்க்கா" என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் படத்தை மறுபடி கையில் எடுத்தேன். நாலு வருஷத்துக்கு முன் உன் மாமா கார்த்திகேசுவின் படத்தைப் பார்த்துவிட்டு நானும் இதையேதான் சொன்னேன். நான் ஏதோ கேட்டு, அதற்குப் பதில் சொல்ல வாயெடுக்கிற மாதிரி இருப்பார் அந்தப் படத்தில். கண்ணில் அப்படி ஒரு கனிவு. பட்டம் வாங்கியவள் நான், அந்தக் கனிவை நம்பிக் கழுத்தை நீட்டினேன். வந்து பார்த்தால், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்கிறார். தோட்டத்துக்கே கணக்கெழுதுகிற கிராணி, நல்ல மனுஷர்தான், குறை சொல்லவில்லை. அந்த முகத்தைத்தான் காணோம்.

போன வாரம் முகம் கிடைத்தது. பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குப் படம் எடுக்க டவுனில் ஹபீபுல்லா அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போனேன், உன் மாமா படம் எடுத்ததும் அங்கேதான். வாசல் கண்ணாடிக்குள் வரிசையாகப் படங்கள். மீன்காரர், கல்யாணப் பெண், கோவில் தலைவர், எல்லாருக்கும் அதே முகம் கங்கா. ஆட்களை வேலை வாங்குகிற நம்ம மண்டோர் இராமையா இருக்காரே, அவர் குரலைக் கேட்டால் மாடுகூடப் பால் சுரக்காது, அவரும் "சொல்லும்மா, என்ன வேணும்" என்று கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அதிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லை. மருந்துக் கடையில், தொழிலாளர் லயத்து வீடுகளில், எங்கே படம் மாட்டியிருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே "இது ஹபீபுல்லா அண்ணன் எடுத்தது, இது இல்லை" என்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர்களைக் கேட்டால் இதுவரை ஒன்றும் தப்பவில்லை.

எப்படி எடுக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். சிரிங்க என்று சொல்லவே மாட்டார். "வீட்ல இன்னிக்கு என்ன கறி?" என்பார். நாம் யோசித்து வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு கணம் இருக்கிறதே, அதில் நல்லவர் பொல்லாதவர் எல்லாரும் கனிந்துதான் போகிறோம் போலிருக்கிறது, அங்கே அமுக்கிவிடுகிறார். பதிலை அவர் காதில் வாங்குவதே இல்லை. நம்ம பிள்ளையிடமும் "ஐயா பேரு என்ன?" என்று மரியாதையாகக் கேட்டார். பேச்சு வராத பிள்ளை, அவனும் யோசிச்சான். படத்தைப் பார்த்தால், பேரோடு விலாசத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவான் போல இருக்கிறான். இப்படியும் ஒரு மனுஷருக்குக் கைவருமா என்று இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

நீ அனுப்பிய படத்திலும் அதே முகந்தான். ஆகையால், நீ அந்தப் படத்தில் பார்த்தது மாப்பிள்ளையை இல்லை, ஹபீபுல்லா அண்ணனை. அவருக்குக் கல்யாணமாகி நாலு பிள்ளைகள். வாத்தியார் என்ன கறி என்று யோசித்த முகத்தை நம்பி ஆயுசைக் கொடுத்துவிடாதே. அப்பாவிடம் சரி என்று சொல்லிவிடாதே. இதையெல்லாம் உன் மாமாவிடமும் சொன்னேன். "ம்" என்றார்.

உனக்கு எல்லா நன்மையும் கிடைக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்ளும்,
அக்கா திலகம்.

பி.கு.: தபாலில் போடுமுன் உறுதி செய்துகொள்ளலாம் என்று காலையில் படத்தை ஸ்டூடியோவுக்கே எடுத்துப் போனேன். அண்ணன் வாசல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இது என் கை இல்ல தங்கச்சி. புள்ளி தெறிக்குது பாருங்க, அடையாளக் கார்டு ஐ.சி.க்கு எடுத்தத பெரிசாக்கியிருக்காங்க லா. ஐ.சி. படத்துல நானே திருடன் மாதிரிதான் இருப்பேன். இந்த மாப்பிள்ளைக்கு யாரும் எதுவும் கேக்காமலே இந்த முகம் இருக்கு" என்றார். படத்தைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசே இல்லை. மேலே எழுதியதைக் கிழிக்க எனக்கும் மனசில்லை, கோடு போட்டு அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அப்பாவிடம் என்ன சொன்னாய்? சீக்கிரம் பதில் போடு.