அல்வீஸேயின் ஜன்னலும் ஒரு பச்சைக் குடையும்

வீட்டை விற்றுவிட்டு வெனிஸைவிட்டே போய்விடுவது என்று அல்வீஸே முடிவு செய்தபோது அவர் வாயில் பாதி மத்தி மீன் இருந்தது. விழுங்கக்கூட இல்லை. கீழே சந்தில் மறுபடியும் கை தட்டினார்கள்.

கோபம் அவருக்குப் புதிதில்லை. காய்கறிப் படகு ஓட்டிய காலம் முழுக்கக் கால்வாய்க்குக் கால்வாய் சண்டை போட்டவர். ஆனால் இது வேறு கோபம். செவ்வாயும் வியாழனும் பதினோரு மணிக்கு ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து அவர் ஜன்னலுக்கு நேர் கீழே நிற்கும். அந்தச் சந்தில் பார்க்க ஒரு மண்ணும் கிடையாது. சிலை இல்லை, மாளிகை இல்லை. ஒரு உடைந்த குழாய், ஒரு பூனை, அவ்வளவுதான். ஆனாலும் எல்லாரும் கழுத்தை ஒடித்துக்கொண்டு அவர் ஜன்னலையே பார்ப்பார்கள். அவர் ஜன்னலைத் திறந்து வாய்க்கு வந்தபடி திட்டுவார். கை தட்டுவார்கள். ஒரு நாள் மேசை விரிப்பை அவர்கள் தலையில் உதறினார். படம் எடுத்தார்கள். இன்னொரு நாள் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டினார். ஒரு அம்மாள் நனைந்த தொப்பியைக் கழற்றி அதற்கு முத்தம் கொடுத்தாள். நீங்களே சொல்லுங்கள், மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்குமா, பிடிக்காதா?

கூட்டி வருவது யார் என்றும் தெரியவில்லை. சந்து அவர் வீட்டுக்கு அடியிலேயே ஒரு வளைவுக்குள் புகுந்து போகும். வழிகாட்டி அந்த வளைவுக்குள் பதுங்கிக்கொள்ளும். மேலேயிருந்து பார்த்தால் ஒரு பச்சைக் குடையின் நுனி மட்டும் தெரியும். குரலும் கேட்காது. இப்போதெல்லாம் சின்ன மைக்கில் முணுமுணுத்தால் கூட்டத்தின் காதுக்குள் போய் விழுகிறதே, அந்தக் கருவிதான்.

அன்று மனைவி நெரீனா மாதா கோயில் பாட்டுப் பயிற்சி முடிந்து வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"வீட்டை விக்கிறோம்."

"மத்தி சாப்பிட்டீங்களா?"

"விக்கிறோம்னேன். அக்கரையில, மெஸ்த்ரேல என் தம்பி வீட்டுப் பக்கத்துல ஒரு ஃப்ளாட் இருக்கு. கீழ காரு நிக்கும். அவனவன் சோலியப் பாத்துட்டுப் போவான். சனிக்கிழமை வாங்குற ஆள் வர்றான். நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

நெரீனா பையைக் கீழே வைத்தாள். அவள் பிறந்தது அந்த வீட்டில்தான். வீட்டில் பாதி அவள் பேரில் இருந்தது.

"மெஸ்த்ரேல தண்ணி எங்க இருக்கு?"

"குழாய்ல வரும்."

"அங்க போய் யாரைத் திட்டுவீங்க?"

"யாரையும் திட்டமாட்டேன். நிம்மதியா இருப்பேன்."

"நீங்க. நிம்மதியா."

"ஏன், இருக்கக் கூடாதா?"

"இருங்க, இருங்க. அந்த வழிகாட்டிகிட்ட நேர்ல போய், இங்க வராதேன்னு சொல்லிப் பாத்தீங்களா?"

"அந்தத் திருட்டு மூஞ்சிதான் வெளியவே வரமாட்டேங்குதே."

"கண்டுபிடிங்க. மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லுங்க. முடியாதுன்னு பதில் வந்தா சனிக்கிழமை கையெழுத்துப் போடுறேன். சரின்னு ஒத்துக்கிட்டா, வீட்டை விக்கிற பேச்சை ஆயுசுக்கும் எடுக்கக் கூடாது."

அல்வீஸேயின் மனசுக்குள் மணி அடித்தது. பிழைப்பை விட்டுவிட்டுச் சரி என்று தலையாட்டுகிற வழிகாட்டி இந்த ஊரில் உண்டா? மாதாவின் மேல் சத்தியம் செய்தார். அவளும் செய்தாள்.

மறுநாளே முனை ஒயின் கடைக்குப் போய்ப் பேப்பியைப் பிடித்தார். பேப்பி அந்தக் காலத்தில் அவரோடு துடுப்புப் போட்டவன், இப்போது அந்தக் கடையை நடத்துகிறான்.

"வளைவுக்குள்ள நின்னு லபக்குனு பிடிக்க வேண்டியதுதானேடா?" என்றான் பேப்பி.

"நான் கீழ நிக்கிறதப் பாத்தா அந்தக் குடை வருமாடா? முகத்த மாத்திக்கிட்டுக் கூட்டத்தோட கூட்டமா வரணும். உள்ளூர்ல டூரிஸ்ட்டா சுத்தப் போறேன். என் தலையெழுத்து."

குடித்துவிட்டுப் போனவர்கள் மறந்துவிட்டுப் போன சாமானெல்லாம் பேப்பியிடம் ஒரு மூட்டை இருந்தது. பூப்போட்ட சட்டை, முழங்காலுக்கு மேல் நிற்கும் கால்சட்டை, ரிப்பன் கட்டிய ஓலைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். தன்னைத் தானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டார். அப்படியானால் வேஷம் பொருத்தம்தான் என்றான் பேப்பி.

வியாழக்கிழமை காலை, தம்பியைப் பார்க்கப் போவதாக நெரீனாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மீன் சந்தைப் பக்கம் மிலானிலிருந்து வந்த கூட்டம் ஒன்று நின்றது. வழிகாட்டிக்கு உதவியாக வந்த ஒரு பெண் எல்லாருக்கும் காதுக் கருவி கொடுத்தாள். பச்சைக் குடை எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. அல்வீஸே கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டு கருவியைக் காதில் செருகினார்.

"எல்லாரும் வலது பக்கமா நடங்க. பாலத்து மேல நிக்காதீங்க. இந்த ஊர்க்காரங்களுக்கு அது ஆகாது."

அல்வீஸே அப்படியே நின்றுவிட்டார். காலைத் துடைத்துவிட்டு உள்ளே வாங்க, அந்தக் கிளாஸைக் கீழே வைங்க என்று கல்யாணமான நாள் முதல் அவர் கேட்டு வருகிற குரல். வீட்டிலாவது அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இங்கே குரல் நேராகக் காதுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. இது காதுக்குள் பேசும், நாம் பதில் பேச முடியாது. அந்த வகையில் வீட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

பாட்டுப் பயிற்சியாமே, பாட்டுப் பயிற்சி. ஜன்னலடியில் வரட்டும், ஊர் முன்னால் மானத்தை வாங்குகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

முதல் பாலத்தின் உச்சியில், அவளைச் சரியாகப் பார்ப்பதற்காக ஒரு நிமிஷம் நின்றார். காய்கறி வண்டி ஒன்று அவர் பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. இழுத்துக்கொண்டு வந்தது எதிர்வீட்டு ஓர்சோலா. தினமும் அவருக்குக் காலை வணக்கம் சொல்கிறவள்.

"நகருய்யா. பாலமென்ன உங்க அப்பன் வீட்டுச் சோபாவா? வந்துட்டானுங்க தொப்பியப் போட்டுக்கிட்டு."

வார்த்தைக்கு வார்த்தை அவருடைய வசனம். அவர் ஜன்னலில் நின்று சொல்லிச் சொல்லி அவள் மனப்பாடம் செய்திருக்கிறாள். வாயைத் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். பாதத்தைத் தடவிக்கொண்டு நொண்டியபடியே இறங்கினார். அவ்வளவு கோபத்தையும் விழுங்குவதற்கு அவர் தொண்டை பழக்கப்பட்டதில்லை.

அந்தத் தொண்டைதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. கால்வாயில் எதிரே வருவது தெரியாத முனையில் திரும்பும்போது, வெனிஸ் படகுக்காரன் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவான். அல்வீஸே வீட்டில் சமையலறையிலிருந்து குளியலறைக்குத் திரும்பினாலும் கொடுப்பார். குறுகலான ஒரு சந்து முனை வந்தது. அவரையறியாமல் வாயிலிருந்து கிளம்பிவிட்டது:

"ஓயே!"

கூட்டம் திடுக்கிட்டது. காதுக்குள் குரல் நின்றது. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சிரிப்பை அடக்குகிற மூச்சு.

"நம்மகூட இன்னிக்கு ரொம்ப முக்கியமான விருந்தாளி ஒருத்தர் வந்திருக்காரு," என்றது குரல். "அடுத்து அவர் வீட்டுக்குத்தான் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி இன்னும் நாலு பாலம் பாத்துடலாம்."

அவர் முழங்கால் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நாலு பாலம்.

ஒருவழியாக அவருடைய ஜன்னலடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. குடை வளைவுக்குள் போய் நின்றது.

"இந்தச் சந்துல இருந்த எல்லாரும் வீட்டை வித்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டே வீடுதான் மிச்சம். மேல இருக்காரே, அவருக்குக் கோபம் வராத நாளே கிடையாது. இந்த ஊர் தன்னோடதுன்னு இன்னும் நம்புறாரு. நம்பாதவனுக்குக் கோபம் எப்படி வரும்? சுவரை எங்க வேணா பாக்கலாம். ஊர்க்காரன் ஒருத்தன் உயிரோட திட்டுறதப் பாக்கணும்னா இங்கதான் வரணும்."

அல்வீஸே காதுக் கருவியை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டார். இப்படி ஒரு வார்த்தை அவள் வீட்டில் சொன்னதே இல்லை. சரி, அவ்வளவு கடுமையாகத் திட்ட வேண்டாம் என்றுகூட நினைத்தார்.

அப்போது பக்கத்தில் நின்ற ஒரு மிலான்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். "எங்க காணோம்? எல்லாம் கதை. அந்த ஆளும் எப்பவோ மெஸ்த்ரேக்குப் போயிருப்பான்."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அல்வீஸே ஓலைத் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"எவன்டா அவன்? யாருடா மெஸ்த்ரேக்குப் போனது? நான் எதுக்குடா போகணும்? இது எங்க சந்து, எங்க தண்ணி. செத்தாலும் இந்த ஜன்னல்லதான்டா சாவேன். நீங்க போங்கடா எல்லாரும்."

இந்தக் கைதட்டலைப் போல அந்தச் சந்து என்றும் கேட்டதில்லை. எதிர்வீட்டிலிருந்து ஓர்சோலாகூடத் தட்டினாள். அல்வீஸேக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆனாலும் சத்தியம் ஒன்று பாக்கி இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வளைவுக்குள் போய்ப் பச்சைக் குடைக்கு நேராக நின்றார்.

"இனிமே இந்தக் கூட்டத்தை இங்க கூட்டிட்டு வராதே."

முடியாது என்று சொல்வாள். சொல்லித்தான் ஆகவேண்டும். நெரீனா குடையை மடக்கினாள்.

"சரிங்க. வரமாட்டேன்."

"என்னது?"

"சரின்னுட்டேன். மூஞ்சிக்கு நேரா கேட்டீங்க, மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கிட்டேன். சனிக்கிழமை வர்ற ஆளை வேண்டாம்னு சொல்லிடுங்க. அந்தச் சட்டையை மட்டும் கழட்டிப் போடுங்க, சகிக்கல."

சனிக்கிழமை ஆள் வரவில்லை. பச்சைக் குடை வீட்டுக் கதவுக்குப் பின்னால் வந்து சாய்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அல்வீஸே சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். சந்தில் பூனை மட்டும் இருந்தது. அதைத் திட்டினார். அது எழுந்து போய்விட்டது. அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் வயிற்றிலேயே தங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை நெரீனா கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெளியே வெயில் பளீரென்று அடித்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை.

"பாட்டுப் பயிற்சிக்குப் போயிட்டு வர்றேன்."

"போ, போ. யார் வேண்டாம்னது?"

அவள் படியிறங்கினாள். அல்வீஸே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, குறையாத கோபத்தோடு கத்தினார்:

"குடையை மறந்துட்டுப் போறியே!"