வாசலில் நிற்காத கார்

அன்று நடந்த கூத்துக்கு என் இன்ஜின் காரணமில்லை. இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். மெக்கானிக்கல். (பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம்; பக்கத்திலேயே மாட்டுக்கயிறும் தொங்கும்.) மாமாவின் பழைய டீசல் காரை வாங்கியதும், லேப்டாப்பைச் சொருகி இன்ஜின் சக்தியை இஷ்டத்துக்கு ஏற்றினேன். மெக்கானிக் பாபு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"பவர் ஜாஸ்தி பண்ணிட்ட, செரி. அத்தத் தாங்க கிளச் வேணாமா? பிரேக் கம்மியா கீது, ஷாக் அப்சார்பர் தொளதொளன்னு கீது. எல்லாத்தையும் சேத்துப் பண்ணு தம்பி."

"அண்ணே, நான் படிச்சவன்."

"அதான் பயமா கீது."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். நாலரைக்கு ராகு காலம்; அதற்குள் வீட்டில் கால் வைத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாப்பிள்ளையையும் அவர் பெரியப்பாவையும் பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது.

கிரிவலப் பாதையில் பறந்தேன். வளைவுகளில் கார் தொட்டில்போல ஆடியது. பின்சீட்டில் பெரியப்பா "அருணாசலா!" என்றார். (பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.) அடி அண்ணாமலையில் எங்கள் வீடு வந்தது. பிரேக்கை மிதித்தேன். வீடு போய்விட்டது. வாசலில் நின்ற அம்மாவும் அப்பாவும் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போக, இருநூறு அடி தள்ளித்தான் கார் நின்றது.

ரிவர்ஸ் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினேன். இன்ஜின் சிங்கமாகக் கர்ஜித்தது, சக்கரம் அசையவில்லை. கருகிய நாற்றத்தோடு புகை வந்தது. கிளச் செத்துவிட்டது.

"நாலு எட்டுதாங்க, நடந்துடலாம்" என்றேன்.

பெரியப்பா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மலைய இடமா சுத்தக் கூடாதுப்பா. பின்னாடி ஒரு அடி வைக்க மாட்டேன்."

மூச்சிரைக்க ஓடிவந்த அப்பா கெஞ்சினார். "நாங்க தெனமும் ரெண்டு பக்கமும் போறோங்க."

"நீங்க ஊர்க்காரங்க. சாமி பழகிடுச்சு. நான் வந்தவன். முழு சுத்து சுத்தியே வந்துடறேன்."

பதினாலு கிலோமீட்டர்! அவர் செருப்பைக் கழற்றி என் காருக்குள் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை திருதிருவென்று முழித்தார். மூன்றாவது இடமும் போச்சு என்று அப்பா தலையில் கை வைத்துச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் பட்டுப்புடவையோடு அக்கா வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"இன்னாடி பண்ற?" என்றார் அப்பா.

"பெரியவரு தனியா போறாரு. நானும் போறேன்." மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "நீங்க வரீங்களா, இல்ல இங்கயே புகைய மோந்துட்டு நிப்பீங்களா?"

அவர்கள் சுற்றி முடித்து வீட்டு வாசலை மிதித்தபோது ராகு காலமே முடிந்து போயிருந்தது. பெரியப்பா காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "பேசி முடிச்சிட்டாங்க. எனக்குத்தான் காதெல்லாம் வலி."

பிறகு கிளச், பிரேக், ஷாக் அப்சார்பர் மூன்றையும் மாற்றினேன். (பாபு அண்ணன் ஜெயித்ததாக அர்த்தமில்லை.) இப்போது கார் கச்சிதமாக வாசலிலேயே நிற்கிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அக்கா, அத்தானைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்:

"இத்த அன்னைக்கே மாத்தியிருந்தா, அஞ்சு நிமிஷத்துல காபியக் குடுத்து இவரை அனுப்பிச்சிருப்பேன்டா!"