நூலளவும் பிசகாதவர்

இடது கை, வெட்டிய துணியை நீவிச் சமன் செய்கிறது. வலது கை கழுத்து வெட்டின் அடியில் டேப்பை வைத்து, ஐந்தாவது அங்குலத்தில் சாக்கட்டியால் ஒரு புள்ளி இடுகிறது. மறுபடி அளந்து, அரை நூல் தள்ளியிருப்பதைக் கண்டு, அழித்து, மறுபடி இடுகிறது. இத்தனை பொறுமையான கைகள் லேசில் கிடைக்காது. வாய் மட்டும் இங்கே இல்லை. அது மூவாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பாலத்தை இடித்துக்கொண்டிருக்கிறது.

ஆம் வாசகரே, நாம் பார்க்க வந்த இனம் இதுதான்: குறி நிபுணர். உலகத்தின் எந்த மூலையில் சண்டை மூண்டாலும், மறுநாள் காலை டீக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் டவுன் பஸ்ஸிலும் மழைக்குப் பிந்திய ஈசலாகப் புறப்படுவார். துப்பாக்கியைத் தொட்டதில்லை. தேர்த்திருவிழாவில் பலூன் சுட்டதுண்டு. பலூனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏவுகணைக்கு வால் எதற்கு என்று அவரைக் கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அருள்புரத்துச் சின்ன பனியன் கம்பெனி ஒன்றில் இந்த இனத்தின் திலகம், கட்டிங் மாஸ்டர் தனபால். எதிரே தையல் மிஷினில் ஜெயசுதா, சாம்பிள் டெய்லர். அவள் கண் கடிகாரத்தில் இருந்தது. நெஞ்சில் வாத்துப் படம் போட்ட குழந்தை பனியன் ஒன்று ஐந்து மணிக் கூரியரில் வெளிநாடு போக வேண்டும். அங்கே பிடித்துவிட்டால் ஆறு மாதத்துக்கு ஆர்டர். பிடிக்காவிட்டால் முப்பது மிஷினுக்கும் உறை போட வேண்டியதுதான். முதல் உறை சாம்பிள் மிஷினுக்கு.

"அந்தக் காலத்துல ஒரு பாலத்த ஒடைக்கோணும்னா நூறு குண்டு போடுவாங்க அம்மிணி. ஊரே போயிரும், பாலம் அப்படியே நிக்கும்! இப்ப ஒண்ணே ஒண்ணு. அதே பழைய குண்டுதான். பொறத்தால ரெக்க, முன்னால ஒரு கண்ணு, மாட்டியுட்டாப் போதும். லேசர் காட்டுன எடத்துல போயி உளுகும். இல்லீன்னா சேட்டிலைட்டக் கேட்டுக் கேட்டுப் போகும். மூணாவது சன்னல்னா மூணாவது சன்னல்தான்!"

இதற்குள் கத்தரிக்கோல் விமானமாகிவிட்டது, டீ டம்ளர் கப்பல், பாபின் ஏவுகணை. டம்ளருக்கு மூன்று முறை நேரடி அடி. அடுத்து கைபேசி வெளியே வரும், வராமல் இருந்ததில்லை. பதினைந்து விநாடிப் படம்: சாம்பல் நிறம், நடுவில் ஒரு கூட்டல் குறி, ஒரு கூரை, பிறகு வெள்ளைப் புகை. அதை அவர் நான்கு முறை ஓட்டிக் காட்டுவார். வீட்டுக்குள் யார் இருந்தார்கள்? படம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

"சுத்தமான சண்டை அம்மிணி. வேண்டாதவனுக்கு ஒரு கீறல் படாது."

தப்பாது என்ற தைரியத்தில் போடுகிறவர்கள் முன்னைவிடத் தாராளமாகப் போடுகிறார்களே, அது? அந்தப் பேச்சு கட்டிங் மேசைக்கு வராது.

"ஏனுங்க மாஸ்டர், மூணாவது சன்னல்னு ஆருங்க சொல்றது?"

"மேப்புல குறிச்சுக் குடுப்பாங்க."

"தப்பாக் குறிச்சுட்டாங்கன்னா?"

குறி நிபுணரிடம் கேட்கக் கூடாத கேள்வி உலகத்தில் இது ஒன்றுதான். தனபால் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "குண்டு தப்பாதுங்கறன், நீ மேப்பு தப்புங்கற! இதுக்குத்தான் பொம்பளைககிட்ட மிலிட்டரி பேசப்படாதுங்கறது."

வாத்துக்கு இடம் குறித்த துணி பக்கத்துத் தெரு பிரிண்டிங்குக்குப் போய், மூன்று மணிக்குத் திரும்பி வந்தது. ஜெயசுதா விரித்துப் பார்த்தாள். வாத்து நெஞ்சில் இல்லை. தொப்புளில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

தனபால் டேப்பை உருவினார். அளந்தார். முகம் மலர்ந்தது. "அஞ்சு அங்குலம்! நூல் பிசகுல பாரு!"

"எங்கிருந்துங்க மாஸ்டர்?"

"கழுத்துல இருந்து."

"தோள் உச்சீல இருந்துன்னு ஆர்டர்காரங்க அனுப்புன அளவு பேப்பர்ல போட்டிருக்குதுங்களே."

தனபால் டேப்பைக் கழுத்திலும் தோளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"குண்டு தப்புலீங்க மாஸ்டர்," என்றாள் ஜெயசுதா. "மேப்புத்தானுங்க."

தனபாலின் விமானம் மறுபடி கத்தரிக்கோலாயிற்று. அந்தக் கம்பெனியில் அது சரித்திரம். இன்னொரு துணி வெட்டினார். அவள் காகிதத்தைப் படித்து, தோள் உச்சியில் டேப்பை வைத்துக் குறித்து, பிரிண்டிங்குக்குத் தானே ஓடி, சூடு ஆறுவதற்குள் வாங்கி வந்து தைக்க உட்கார்ந்தாள். கடைசித் தையல் முடியும்போது மணி நாலு ஐம்பத்திரண்டு. வாத்து நெஞ்சுக்கு ஏறியிருந்தது. "எளுதுனவன் வெவரமா எளுதோணும். நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் தனபால், நூல் பிசிறு வெட்டியபடி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தப் பதினைந்து விநாடிப் படம் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்குமே? பார்த்ததும் என்ன சொன்னீர்கள்? 'அடேங்கப்பா, என்ன குறி!' என்றா, 'அது ஆர் வீட்டுச் சன்னல்?' என்றா? நாலு பேருக்கு அனுப்பினீர்களா? பதில் சொல்ல வேண்டாம். கூரியர்காரர் தவசி வந்துவிட்டார்.

"அட்ரஸ் சரிதானுங்களே?" என்றார் தவசி.

"இப்பெல்லாம் அட்ரஸ் எதுக்குங்க, சேட்டிலைட்டே..." என்று ஆரம்பித்த தனபாலின் கையிலிருந்து பனியன் கவரை வாங்கினாள் ஜெயசுதா. ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் விரலை வைத்து, இரண்டு தரம் படித்தாள். பிறகுதான் நீட்டினாள்.