திட்டுவதற்கு மட்டும் கான்டனீஸ்

திட்டுவதற்கென்றே ஒரு மொழியைக் கற்றுக்கொண்ட மனிதர், எனக்குத் தெரிந்து, இந்த ரங்கூனிலேயே கிங்கோ பாய் ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் நாங்கள் இருந்த சட்டைக் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர், நான் பக்கத்து மேசை கிளார்க். ஹாங்காங்கிலிருந்து வந்திறங்கிய மேனேஜருக்குக் கான்டனீஸ்தான் மொழி. தனக்குப் புரிகிற மொழியில் ஆட்களைக் கண்டிக்கத் தெரியாத சூப்பர்வைசர் எதற்கு என்று அவர் சைகையும் அரை இங்கிலீஷுமாகக் கேட்டுவைக்க, பாய் அன்று சாயங்காலமே சீனத் தெரு நூடுல்ஸ் கடைக்காரரிடம் பாடம் கேட்கப் போய்விட்டார். துணைக்கு நானும் போனேன். கடைக்காரர் "சாப்பிட்டாயா"விலிருந்து ஆரம்பித்தார். பாய் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"சாப்பாட்டை சைகையிலயே கேட்டுக்கலாம் தம்பி. திட்டுறதுக்குத்தான் வார்த்தை வேணும்" என்றார் என்னிடம்.

கிங்கோ என்றால் கான்டனீஸில் எச்சரிக்கை; அவர் முதலில் கற்ற அந்தச் சொல்லே அவருக்குப் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. தாமதமாக வந்த பஸ் கண்டக்டருக்கு ஒரு கிங்கோ, கணக்கில் தப்பு செய்த எனக்கு ஒரு கிங்கோ, மீன் திருடிய பூனைக்கு ஒரு கிங்கோ. அவர் மனைவி மட்டும் பதிலுக்குச் சுத்தத் தமிழில் திட்டி அனுப்பினார்.

ஒரு மத்தியானம், தையல்காரி மா தீடா மெஷின் மேலேயே தூங்கிவிட்டாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல், ராத்திரியெல்லாம் கண் மூடவில்லை. அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடியது. அவள் பின்னால் மேனேஜர் வந்து நின்றார். இதற்கு முன் இப்படித் தூங்கியவனை அவர் அன்றே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்.

பாய் ஓடிப்போய் நடுவில் நின்று ஆரம்பித்தார் பாருங்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது. விழித்தெழுந்த மா தீடாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மேனேஜருக்கோ எல்லாம் புரிந்தது. புரியப் புரிய விழித்தார். பாய் நிறுத்துவதாக இல்லை. கடைசியில் மேனேஜரே அவர் தோளைத் தட்டி, போதும் என்று கைகாட்டிவிட்டு நடந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்படி என்ன பாய் சொன்னீங்க?"

"லேட்டா வந்தே, லீவு கேக்காமப் போனே, சிகரெட் பிடிக்காதே... தெரிஞ்சதையெல்லாம் சொன்னேன். தூங்குனதுக்கு மட்டும் வார்த்தை தெரியாது."

"நூடுல்ஸ்காரர்கிட்ட கேட்டா சொல்லுவாரே."

"ஏன் கேக்கணும்? தெரிஞ்சுக்கிட்டா, நாளைக்குத் தூங்குற புள்ளைய நானே காட்டிக் குடுக்கணுமே தம்பி."

கடைசிவரை அவர் அதைக் கேட்கவேயில்லை. மா தீடாவின் வேலையும் போகவில்லை. பாயிடம் இன்னொரு தடவை திட்டு வாங்கினால் தேவலை என்று இப்போதும் எனக்கு ஆசையாக இருக்கிறது.